எட்டா, பத்தா? ஓர் ஆங்கிலக் கூட்டுப் பெயரடையை அசை பிரித்தல்

மாலை வகுப்பு (ரோஸ் ஹில்)

அன்பர்களுக்கு வணக்கம். மொரீஷியஸில் எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் மாலை நேரத்தில் தமிழ் கற்றுக்கொடுக்கிறேன். பிள்ளைகள் பள்ளிப் பாடம் எதைக் கொண்டுவந்தாலும் உடன் உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பதும் உண்டு. சென்ற வாரம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கிலப் பயிற்சித்தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். கடற்கரை விடுதி விளம்பரம் போன்ற ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் வரும் நீண்ட பெயரடையை அசைகளாகப் பிரித்து எண்ணிக்கையையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். சொல் இதுதான்: என்வாய்ரன்மென்டலி-ரெஸ்பான்சிபிள். சுற்றுச்சூழல் பொறுப்புணர்வு கொண்ட என்று நாம் மூன்று சொற்களில் சொல்வதை ஆங்கிலம் ஓர் இடைக்கோடு போட்டு ஒன்றாக்கி வைத்திருக்கிறது.

அவள் ஆறு பென்சில் கோடுகள் போட்டு, நடுவிலிருந்த இடைக்கோட்டைச் சுற்றி ஒரு வட்டமும் இட்டிருந்தாள். என் / வாய் / ரன் / மென் / டலி, பிறகு ரெஸ் / பான் / சிபிள். கீழே 8 என்று எழுதியிருந்தாள். திருத்தியவர் அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 10 என்று மட்டும் எழுதியிருக்கிறார். எங்கே தவறு என்று ஒரு குறிப்பும் இல்லை.

என் ஐயம் இரண்டு. பத்து என்பது ஒன்றே ஒன்றான விடையா? அப்படியானால் இந்தப் பிள்ளை எட்டுக்கு எப்படி வந்தாள்? அவள் குத்துமதிப்பாகக் கோடு போடுகிறவள் அல்லள். கோடுகள் ஒவ்வொன்றும் அழுத்தமாக, ஒரே சாய்வில், அழித்து எழுதிய தடம் இல்லாமல் இருக்கின்றன.

பாட்டாசிரியரின் பேரன் (வாக்வா)

அகராதியைத் திறந்தால் தீர்ந்தது. மெரியம்-வெப்ஸ்டரில் சொல்லுக்கு நடுவே புள்ளி வைத்துப் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு விவாத இழை வேண்டுமா?

அச்சுக்கோப்பவன் (போர்ட் லூயிஸ்)

வேண்டும் ஐயா. முப்பது ஆண்டுகளாகப் பக்கம் கட்டுகிறவன் என்பதால் அந்தப் புள்ளிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த அகராதியில் தலைச்சொல்லுக்குள் இருக்கும் புள்ளிகள் உச்சரிப்பைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. வரியின் முடிவில் இடம் போதாமல் சொல்லை உடைக்க நேர்ந்தால் எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்காரனுக்குச் சொல்பவை அவை. உச்சரிப்பின் அசைகள், அடுத்து வரும் ஒலிக்குறிப்பில் தனியாக, சிறுகோடுகளால் பிரிக்கப்பட்டிருக்கும். பல சொற்களில் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் ‘ஐடியா’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்: ஒலிக்குறிப்பில் மூன்று அசை இருக்கும், தலைச்சொல்லில் ஒரு புள்ளியும் இராது. ஒற்றை எழுத்தை மட்டும் ஒரு வரியின் கடைசியிலோ அடுத்த வரியின் முதலிலோ தனித்து விடக்கூடாது என்பது அச்சு மரபு, அவ்வளவுதான். வாய் மூன்றாகச் சொல்வதைத் தாள் உடைக்காமல் விடுகிறது.

இந்த வேலையைக் கணினியும் செய்கிறது. ஃபிராங்க் லியாங் என்பவர் 1983-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வேட்டில், டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலுக்காக 4,447 எழுத்துத் தொடர் வார்ப்புகளைத் தொகுத்தார். எந்த எழுத்துக்கு அடுத்து எந்த எழுத்து வந்தால் உடைக்கலாம், எங்கே உடைக்கவே கூடாது என்பதை அந்த வார்ப்புகள் எண்களால் சொல்லும். ஒலியைப் பற்றி அந்த நிரலுக்கு ஒன்றும் தெரியாது. எழுத்து வரிசை மட்டுமே தெரியும். ஆங்கிலத்துக்கான வழக்கமான அமைப்பில் அது சொல்லின் கடைசியில் மூன்று எழுத்துக்குக் குறைவாக வெட்டாது. அதனால் நம் சொல்லின் நடுவே வரும் ‘லி’ என்ற ஈரெழுத்து ஈற்றை அது ஒருபோதும் தனியே அறுக்காது. அந்த நிரலைப் பார்த்து அசை எண்ணுகிறவர் அங்கேயே ஓர் அசையை இழந்துவிடுவார்.

ஏற்கெனவே இடைக்கோடு உள்ள கூட்டுச் சொல்லை அந்த இடைக்கோட்டில் மட்டுமே உடைக்க வேண்டும், வேறிடத்தில் இன்னொரு கோடு போட்டால் படிப்பவர் தடுமாறுவார் என்பதும் எங்கள் தொழில் விதி. ஆங்கிலப் பதிப்பு விதிகளைச் சொல்லும் சிகாகோ நடைக் கையேடும் இதையே பரிந்துரைக்கிறது. ஆகவே “இந்தச் சொல்லைப் பிரி” என்று என்னிடம் கொடுத்திருந்தால், என் நேர்மையான விடை 2 என்பதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘லி’ என்று முடியும் வினையடைக்குப் பின் இடைக்கோடு போடக்கூடாது என்று அதே கையேடு சொல்கிறது. எந்தச் சொல்லை எந்தச் சொல் தழுவுகிறது என்பதை அந்த ஈறே காட்டிவிடுவதால் கோட்டுக்கு வேலை இல்லை. பயிற்சித்தாளில் இருந்த கோடே மிகை.

தாவரத்தோட்டம் (பாம்ப்பிள்மூஸ்)

அச்சுக்காரர் சொல்வது சரி; ஆனால் பிள்ளையிடம் கேட்டது அச்சுக் கேள்வி அன்று. இடைநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒலியின் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஆங்கில அசைக்கு நடுப்புள்ளி ஓர் உயிரொலி, அல்லது உயிர்போல் நின்று ஒலிக்கும் ஒரு மெய். எத்தனை நடுப்புள்ளியோ அத்தனை அசை. எழுத்தில் எத்தனை உயிரெழுத்து உண்டு என்பது கணக்கில்லை. சொல்லின் கடைசியைப் பாருங்கள். எழுத்தில் பி, எல், ஈ என்று முடிகிறது. அந்த ஈ ஒலிப்பதே இல்லை. ஆனால் எல் என்னும் மெய், தனக்கு முன் உயிர் இல்லாமலே நீண்டு ஒலித்து ஓர் அசையாகிவிடுகிறது. ‘டேபிள்’ என்பது இரண்டு அசை ஆவதும் அப்படித்தான். ஆக முதற்பகுதியில் ஆறு, இரண்டாம் பகுதியில் நான்கு: என் · வாய் · ரன் · மென் · ட · லி, ரி · ஸ்பான் · சி · பிள். மொத்தம் பத்து. திருத்தியவரின் எண்ணிக்கையில் தவறில்லை.

நடுப்புள்ளிகளை எண்ணுவது எளிது. இடையில் நிற்கும் மெய்கள் எந்தப் பக்கம் சேரும் என்பதில்தான் சண்டை. பொதுவாகச் சொல்லப்படும் விதி இது: இரண்டு உயிர்களுக்கு நடுவே மெய்க்கூட்டம் வந்தால், ஆங்கிலச் சொல் ஒன்றின் தொடக்கத்தில் வரத்தக்க அளவுக்கு மெய்களைப் பின் அசைக்குக் கொடு, மிச்சம் முன் அசைக்கு. என், வி இரண்டும் சேர்ந்து எந்த ஆங்கிலச் சொல்லும் தொடங்குவதில்லை; எனவே அவற்றின் நடுவே வெட்டு விழுகிறது. என், எம் சேர்ந்தும் தொடங்குவதில்லை, அங்கேயும் வெட்டு. ஆனால் எஸ், பி சேர்ந்து தொடங்கும் சொற்கள் ஏராளம். ஸ்பூன், ஸ்போர்ட், ஸ்பைசி எல்லாம் நம் நாவிலேயே இருக்கின்றன. அதனால் அந்த இரண்டு மெய்களும் பிரியாமல் பின்னே போகின்றன: ரி, பிறகு ஸ்பான். மாணவி ‘ரெஸ்’ என்று வெட்டியது இந்த விதிப்படி பொருந்தாது.

ஆனால் எல்லா அறிஞரும் இந்த விதிக்கு உடன்பட்டவர் அல்லர். ஜான் வெல்ஸ் 1990-இல் வெளியிட்ட லாங்மன் உச்சரிப்பு அகராதியில், அழுத்தம் பெற்ற அசை பக்கத்து மெய்யைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும் என்ற கொள்கையில் பிரித்திருக்கிறார். நம் சொல்லில் முதன்மை அழுத்தம் ‘மென்’ மீது இருப்பதால், அடுத்து வரும் டகரமும் அதனோடே போய் ‘மென்ட்’ ஆகிவிடும். சொல்லின் உறுப்புகளைப் பார்த்தாலும் டகரம் முன்னதற்கே உரியது, ஏனென்றால் ‘மென்ட்’ ஒரு விகுதி, ‘அல்’ வேறொரு விகுதி. டேனியல் கான் 1976-இல் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டில், சில மெய்கள் இரு அசைக்கும் பொது என்றே கொள்ளலாம் என்றார். தோட்ட வேலியில் நிற்கும் பொதுமரம் போல என்று என் வகுப்பில் சொல்வேன்.

எண்ணிக்கையும் கல்லில் வெட்டியதன்று. பிரித்தானிய உச்சரிப்பில் ‘வாய்’ என்பது ‘வாய’ என்று இழுபட்டு இரண்டாகக் கேட்பதுண்டு, அப்போது பதினொன்று. விரைந்து பேசும்போது ‘மென்டலி’ என்பது ‘மென்ட்லி’ ஆகும், அப்போது ஒன்பது. பத்து என்பது நிதானமாகச் சொல்பவரின் எண்.

சென்-தெனி வாசகி (ரியூனியன்)

பக்கத்துத் தீவிலிருந்து ஒரு சொல். ‘ரெஸ்’ என்ற வெட்டு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பிரெஞ்சில் வரி உடைக்கும் விதிப்படி எஸ் என்ற எழுத்துக்கும் அடுத்த மெய்க்கும் நடுவே வெட்ட வேண்டும்: ரெஸ், போன், சாப்ல். மூன்றே துண்டு. கடைசி ஈ எழுத்துக்குப் பேச்சில் உயிர் இல்லை. பாட்டில் மட்டும், அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால், அதை ஓர் அசையாக எண்ணுவார்கள். பிரெஞ்சிலிருந்து பிறந்த உங்கள் கிரியோலில் அந்த ஈற்று லகரமும் போய் ‘ரெஸ்போன்சாப்’ என்றே நிற்கிறது அல்லவா? வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை இரண்டாம் பகுதியை மூன்றாக வெட்டியதில் வியப்பே இல்லை.

மாலை வகுப்பு (ரோஸ் ஹில்)

மூவருக்கும் நன்றி. அம்மா சொன்ன பிரெஞ்சு விளக்கம் இரண்டாம் பகுதிக்குப் பொருந்துகிறது. ஆனால் முதற்பகுதியில் ‘டலி’ என்பதை அவள் ஏன் உடைக்கவில்லை? பிரெஞ்சுக் காதுக்கும் அது இரண்டுதானே? மற்ற நான்கையும் பிழையின்றி வெட்டியவள், அங்கே மட்டும் இரண்டு உயிர்களை ஒரே துண்டாக விட்டிருக்கிறாள்.

சென்-தெனி வாசகி (ரியூனியன்)

உண்மைதான். பிரெஞ்சுப்படி அங்கே வெட்டு விழுந்தே ஆகவேண்டும். என் விளக்கம் பாதிவழிதான் போகிறது.

வெண்பா விரும்பி (கத்ர போர்ன்)

எல்லோரும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தேடுகிறீர்கள். மாலை வகுப்பு ஐயா, அந்த எட்டுத் துண்டுகளையும் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். பிறகு செய்யுளின் இருவகை அசைகளான நேர், நிரை போட்டுப் பாருங்கள்.

என் – நேர். வாய் – நேர். ரன் – நேர். மென் – நேர். டலி – இரண்டு குறில் இணைந்தது, நிரை. ரெஸ் – நேர். பான் – நேர். சிபிள் – குறிலிணை ஒற்றடுத்தது, நிரை. எட்டு அசை. அலகிட்டதில் ஓர் இடமும் பிசகவில்லை. அந்தப் பிள்ளை ஆங்கிலச் சொல்லை யாப்பிலக்கணப்படி அசை பிரித்திருக்கிறாள்! முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய விடை. கேட்ட இடம்தான் வேறு.

ஆங்கிலத்தார் சொல்லும் அசையில் ஓர் உயிர்தான் இருக்கும். நம் யாப்பில் அப்படியில்லை. குறில் ஒன்று தனித்து நிற்க விரும்பாது. அடுத்து குறிலோ நெடிலோ வந்தால் அதனோடு கைகோத்து நிரையாகிவிடும். வெண்பாவின் ஈற்றுச் சீருக்குரிய வாய்பாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நாள் என்பது நேர், மலர் என்பது நிரை. இரண்டுமே ஓரசைச் சீர்கள். ஆனால் ஒலியியலார் கையில் கொடுத்தால் நாள் ஒன்று, மலர் இரண்டு. ‘கடல்’ நமக்கு ஓர் அசை, அவர்களுக்கு இரண்டு. மெய்க்கூட்டம் சொல்லின் முதலில் வருவதை நம் மொழி ஏற்காததால், ‘ஸ்பான்’ என்று ஓர் அசை தொடங்கும் என்பதும் தமிழ்க் காதுக்கு ஒவ்வாது; ஒற்று முன்னதோடு போய் ‘ரெஸ்’ ஆகத்தான் வேண்டும். பிரெஞ்சும் தமிழும் அந்த ஓரிடத்தில் தற்செயலாக ஒத்துப்போய்விட்டன.

பாட்டாசிரியரின் பேரன் (வாக்வா)

அகராதி பார்த்தால் தீரும் என்று எழுதியதை மீட்டுக்கொள்கிறேன். ஆனால் வெண்பா விரும்பி ஐயாவின் அலகில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் அந்தச் சொல்லை ‘என்வைரன்மென்ட்’ என்று ஐகாரம் இட்டு எழுதுகிறவர்களே மிகுதி. சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாய் ஒலிக்கும் என்பதும், அதைக் குறிலாகக் கொண்டு அலகிடுவது வழக்கம் என்பதும் தங்களுக்குத் தெரியாததன்று. அப்படியானால் ‘வைரன்’ என்பது குறிலிணை ஒற்றடுத்த நிரை. என் / வைரன் / மென் / டலி என்று முதற்பகுதி நான்காகிவிடும், மொத்தம் ஏழு. எட்டு வராதே?

வெண்பா விரும்பி (கத்ர போர்ன்)

கூர்மையான கேள்வி, மகிழ்ச்சி. தமிழில் எழுதி அலகிட்டிருந்தால் நீங்கள் சொன்னபடி ஏழுதான் வரும். ஆனால் அவள் முன்னே இருந்தது தமிழ் எழுத்து அன்று, ஆங்கில ஒலி. அந்த ஒலியில் நடு உயிர் குறுகவில்லை. அங்கே இரண்டாம் நிலை அழுத்தம் விழுகிறது என்பதை ஆங்கில ஆசிரியை உறுதி செய்வார். குறுகாத ஒலியைக் காது ‘வாய்’ என்று நெடிலும் ஒற்றுமாகவே கேட்கும். அவள் கோடு போட்டதும் அங்கேதான். ஒரே சொல், நாம் எழுத்துக்கூட்டும் முறையால் ஏழாகவும் எட்டாகவும் மாறுகிறது என்றால், பிறமொழிச் சொல்லுக்கு நம் அளவுகோலை வைப்பதன் இடர் தெரிகிறது அல்லவா?

தாவரத்தோட்டம் (பாம்ப்பிள்மூஸ்)

உறுதி செய்கிறேன். முதன்மை அழுத்தம் ‘மென்’ மீது, அதற்குக் குறைந்த அழுத்தம் ‘வாய்’ மீது. இரண்டாம் பகுதியில் ‘ஸ்பான்’ மீது. அழுத்தம் பெறாத அசைகளின் உயிர் மங்கிப்போகும். ‘ட’, ‘லி’, ‘சி’, ‘பிள்’ நான்கும் அப்படி மங்கியவை. மங்கிய இந்த நான்கையும்தான் அவள் இரண்டிரண்டாகச் சேர்த்திருக்கிறாள் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். நான் திருத்தியிருந்தாலும் 10 என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன்.

அச்சுக்கோப்பவன் (போர்ட் லூயிஸ்)

தமிழ் அச்சில் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வரி நிறைந்துவிட்டால் எந்த உயிர்மெய்க்கு முன்னும் உடைக்கலாம், கோடும் வேண்டாம். புள்ளி வைத்த ஒற்று மட்டும் அடுத்த வரியின் தலையில் வந்து நிற்கக் கூடாது. நிரையின் நடுவிலும் தயங்காமல் உடைப்போம். ஆகத் தமிழிலும் தாளின் வெட்டு வேறு, யாப்பின் வெட்டு வேறு.

ஆங்கிலத்தில் உடைக்கும்போது பொருளையும் பார்க்க வேண்டும். ‘ரீஅட்ஜஸ்ட்’ என்ற சொல்லை நான்கு எழுத்துக்குப் பின் உடைத்தால் முதல் வரி ‘ரீட்’ என்றும் அடுத்த வரி ‘ஜஸ்ட்’ என்றும் இரு தனிச்சொற்களாகிவிடும். தொழில் கற்ற புதிதில் ஒரு சிற்றேட்டில் அப்படி உடைத்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரே ஆங்கிலத்திலும் கடலுக்குக் கடல் வழக்கு மாறும். ‘நாலெட்ஜ்’ என்பதை அமெரிக்கர் ஒலியைப் பார்த்து எல் எழுத்துக்குப் பின் உடைப்பார்கள். பிரித்தானிய மரபு ‘நோ’ என்ற வேர்ச்சொல் தெரியும்படி எல் எழுத்துக்கு முன்னே உடைக்கும்.

மாலை வகுப்பு (ரோஸ் ஹில்)

நேற்று மாலை அவளிடமே கேட்டேன். நான் எதுவும் சொல்லிக்கொடுக்காமல், “இதை எப்படி எண்ணினாய்?” என்று மட்டும் கேட்டேன். அவள் வலக்கையைத் தொடையில் தட்டிக்கொண்டே சொன்னாள்: என், வாய், ரன், மென் என்று நான்கு தட்டு, டலி என்னும்போது ஒரே தட்டு, ஆனால் சற்று விரைந்து. சிபிள் என்னும்போதும் அப்படியே. போன ஆண்டு குறள் வெண்பாவை அலகிட நான் கற்றுக்கொடுத்த அதே தட்டு. “அசை பிரி என்றால் இப்படித்தானே ஐயா சொன்னீர்கள்?” என்றாள்.

குற்றம் என்னுடையது. பயிற்சித்தாளில் இருந்த ‘சிலபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவள் முன்பே கேட்டபோது, அசை என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். யாப்பில் கற்றுக்கொடுத்த சொல்லையே இங்கேயும் கொடுத்துவிட்டேன். அவள் அதை அப்படியே நம்பினாள்.

அதே தாளின் பின்புறத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் போடச் சொன்னேன். மேல் வரியில் அவளுடைய எட்டு, கீழ் வரியில் பத்து. கீழ் வரிக்குத் தட்டாமல், முகவாயின் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு, தாடை இறங்கும் ஒவ்வொரு முறையும் எண்ணச் சொன்னேன். முதல் முயற்சியில் ஒன்பது வந்தது. ‘பிள்’ என்ற இடத்தில் தாடை அசையவே இல்லை என்று வாதாடினாள். உயிர் இல்லாத அசைக்குத் தாடை இறங்காது என்பதை அவள் காட்டிய பிறகுதான் நானும் என் முகவாயில் கை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அங்கே நாக்கு நுனி மட்டுமே எழுகிறது.

வெண்பா விரும்பி ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். யாப்பின் அசைக்கு அசை என்றே இருக்கட்டும். ஆங்கிலப் பாடத்துக்கு ஒலியசை என்று வகுப்பில் சொல்லலாம் என்றிருக்கிறேன். தங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன் இங்கே எழுதுங்கள்.

வெண்பா விரும்பி (கத்ர போர்ன்)

ஒலியசை போதும். அந்தப் பிள்ளையிடம் ‘சிபிள்’ நிரைதான் என்று நான் சொன்னதாகவும் சொல்லிவிடுங்கள்.